குளோரின் அறையின் மூக்கு

மார்ச் 4, செவ்வாய்

வார விடுமுறை. காலையில் பால் தீய்ந்துவிட்டது. பொங்கி, வழிந்து, வற்றி, பாத்திரத்தின் அடி கருகி, சமையலறை முழுக்கப் புகை. நான் அடுப்புக்கு நாலடி தள்ளி உட்கார்ந்து குறுக்கெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தேன். மனைவி குளியலறையிலிருந்து ஈரத் தலையோடு ஓடி வந்து அடுப்பை அணைத்தாள்.

“மூக்கு இருக்கா, இல்ல மூஞ்சிக்கு நடுவுல சும்மா ஒட்டி வெச்சிருக்கீங்களா?”

“ஏதோ யோசனையில இருந்தேன்” என்றேன்.

யோசனையும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. எனக்கு வாசனை தெரியவில்லை. நவம்பரில் ஒரு சளி பிடித்ததே, அது போகும்போது இதையும் கையோடு கொண்டுபோய்விட்டது என்று நினைக்கிறேன். முதலில் மூக்கடைப்பு என்று சொல்லிக்கொண்டேன். பிறகு தூசி என்றேன். பிறகு குளிர். இப்போது வெயில் கொளுத்துகிறது, சொல்லிக்கொள்ள இனிமேல் பருவம் மிச்சமில்லை.

அவள் கடைக்குப் போனதும் கதவைச் சாத்திவிட்டு வீட்டில் இருப்பதை எல்லாம் முகர்ந்து பார்த்தேன். சோப்பு – ஒன்றும் இல்லை. ஷூ பாலிஷ் – இல்லை. வெங்காயத்தை நறுக்கிப் பிடித்தேன், கண்ணில் தண்ணீர் கொட்டியது, மூக்குக்குத் தகவலே போகவில்லை. நேற்றுப் போட்ட காலுறையும் தெரியவில்லை. அதற்கு மட்டும் வருத்தப்படவில்லை.

வேறு யாருக்காவது இப்படி ஆனால் சாப்பாட்டில் ருசி குறையும், அவ்வளவுதான். நான் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்தில் குளோரின் அறை ஆபரேட்டர். இருபத்தாறு வருடம். அந்த அறையில் விஷவாயு கசிகிறதா என்று பார்க்க மூக்குதான் முதல் கருவி. விஷயம் வெளியே தெரிந்தால் மறுநாளே அறைச் சாவியை வாங்கிக்கொள்வார்கள்.

அதனால் இது இந்த நோட்டுக்குள்ளேயே இருக்கட்டும்.

மார்ச் 5, புதன்

வேலைக்குப் போனேன். வழக்கம்போல் குளோரின் அறைக் கதவைத் திறந்து, வாசலில் நின்று, மூச்சை இழுத்து, இரண்டு நொடி கண்ணை மூடி, “சரி” என்றேன். எல்லாரும் வேலையைத் தொடங்கினார்கள். இந்த “சரி”க்காக ஒரு நிலையமே காத்திருக்கிறது என்பதில் எனக்கு எப்போதும் கொஞ்சம் கர்வம் உண்டு. இன்று கூச்சமாக இருந்தது.

சுவரில் எச்சரிக்கைக் கருவி ஒன்று இருக்கத்தான் செய்கிறது. தரையை பிளீச்சிங் பவுடர் போட்டுக் கழுவினால்கூட அது ஊரைக் கூட்டும். ஆறு வருடத்துக்கு முன்னால் யாரோ அதன் வயரைப் பிடுங்கிவிட்டார்கள். யாரோ என்ன யாரோ, நான்தான். “இவர் மூக்கு இருக்கும்போது மிஷின் எதுக்கு?” என்று மேனேஜரும் விட்டுவிட்டார்.

இப்போதைக்கு ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறேன். எங்கள் மெக்கானிக்கை எல்லாரும் ஸ்பேனர் என்றுதான் கூப்பிடுவோம். தினமும் காலையில் ஏதாவது சாக்குச் சொல்லி அவனை என்னோடு வாசலுக்குக் கூட்டிப்போகிறேன். மூச்சை இழுக்கும்போது ஓரக்கண்ணால் அவன் முகத்தைப் பார்க்கிறேன். முகம் சுளிக்காமல் இருந்தால் “சரி”. ஜனவரியிலிருந்து ஓடிக்கொண்டிருக்கிறது.

மார்ச் 7, வெள்ளி

சுற்றறிக்கை வந்திருக்கிறது. குளோரின் அறைப் பொறுப்பாளருக்கு மருத்துவப் பரிசோதனை. நான்காவது வரி: “வாசனை அறியும் திறன்.” நான்காவது வரியை மட்டும் பதினோரு தடவை படித்தேன்.

மார்ச் 10, திங்கள்

பயிற்சி எடுக்கிறேன். கண்ணை மூடிக்கொண்டு எதையாவது மூக்கருகே கொண்டுபோய் ஊகிப்பது. மூக்குக்குள் குளிர்ச்சியாக ஏறினால் தைலம், குத்தினால் மிளகுத்தூள். மற்றதெல்லாம் ஒன்றுதான். என் செருப்பை முகர்ந்துகொண்டிருந்தபோது மனைவி உள்ளே வந்துவிட்டாள். அரை நிமிடம் பார்த்துக்கொண்டு நின்றாள்.

“ஆபீஸ்ல ஏதாவது பிரச்சனையா?”

“இல்ல. தோல் நல்ல தோலான்னு பார்த்தேன்.”

“வாங்கி மூணு வருஷம் கழிச்சா?”

செருப்பைக் கீழே போட்டேன். அவளும் விட்டுவிட்டாள். அவள் இவ்வளவு சுலபமாக எதையும் விடுகிறவள் இல்லை. ஏன் விட்டாள்?

மார்ச் 13, வியாழன்

பரிசோதனை முடிந்தது. எழுதவே வெட்கமாக இருக்கிறது, ஆனால் சிரிப்பும் வருகிறது.

டாக்டருக்கு அவசரம். வெளியே வரிசை நீளம். மேசையில் ஐந்து கண்ணாடிப் புட்டிகளை வைத்து, “ஒவ்வொண்ணா முகர்ந்து சொல்லுங்க” என்றார். கண்ணை மூடச் சொல்லவில்லை. முதல் புட்டியில் பழுப்புத் தூள். கண்ணாடி வழியாகவே தெரிந்தது, காபி. இரண்டாவதில் எலுமிச்சைத் துண்டு, விதையோடு. மூன்றாவதில் சோப்பு, கம்பெனிப் பெயரின் பாதி எழுத்து அதன்மேல் இன்னும் இருந்தது. நான்காவதில் கிராம்பு. ஐந்தாவதில் வெள்ளையாக ஏதோ ஒரு தண்ணீர். முகர்ந்தேன். உள்ளே குளிர்ச்சியாக ஏறியது. “தைலம் மாதிரி” என்றேன்.

“அஞ்சுக்கு அஞ்சு. இந்த வயசுல இப்படி மூக்கு வெச்சிருக்கறவங்க குறைவு” என்றார்.

சோப்பின் பெயரையும் சேர்த்துச் சொன்னதுதான் கொஞ்சம் அதிகப்படி. டாக்டர் அசந்துபோய்விட்டார்.

மார்ச் 14, வெள்ளி

சான்றிதழ் வந்தது. “வாசனை அறியும் திறன்: மிக நன்று.” மேனேஜர் அதை நகலெடுத்து அறிவிப்புப் பலகையில் ஒட்டிவிட்டார். ஸ்பேனர் கை கொடுத்தான். “இனிமே எனக்குக் கவலையே இல்லண்ணே” என்றான். அவனுக்கு என்ன கவலை இருந்தது என்று தெரியவில்லை.

பலகை வழியாகப் போகாமல் சுற்றிக்கொண்டு கழிப்பறைக்குப் போகிறேன்.

மார்ச் 24, திங்கள்

இன்று அறை என்னைப் படாத பாடு படுத்திவிட்டது. லேப் மேடம் மூன்று நாள் லீவு, நாளைக்குத்தான் வருகிறார். சோதனையும் என் தலையில்.

ஊர் முழுக்கக் குளித்தும் கழுவியும் அலசியும் விட்ட தண்ணீர் எங்களிடம் வந்து, தெளிந்து, கடைசியாக ஒரு நீளத் தொட்டிக்கு வரும். அங்கேதான் குளோரின் கலக்கும். தொட்டிக்குள் குறுக்குச் சுவர்கள். தண்ணீர் வளைந்து வளைந்து அரை மணி நேரம் நடந்து வருவதற்குள் கிருமி செத்திருக்க வேண்டும். கடைசியில் ஒரு சோதனைக் குழாயில் பிடித்து மாத்திரை போட்டுப் பார்ப்போம். இளஞ்சிவப்பாக மாறினால் குளோரின் அளவாக மிச்சம் இருக்கிறது, கால்வாய்க்கு விடலாம். வெள்ளையாகவே இருந்தால் குளோரின் போதவில்லை.

காலை ஒன்பது மணிக்கு மிகவும் வெளிறிய சிவப்பு. குளோரின் வால்வைக் கொஞ்சம் திறந்தேன். எவ்வளவு போகிறது என்று காட்டும் கண்ணாடிக் குழாயில் பந்து மேலே ஏற வேண்டும். ஏறவில்லை. இன்னும் கொஞ்சம் திறந்தேன். இருந்த இடத்திலேயே இருந்தது. தட்டினேன். திட்டினேன். இன்னும் திறந்தேன்.

பத்தரைக்கு மாத்திரை போட்டால் ஒரு நொடி சிவந்த மாதிரி தெரிந்து, உடனே வெள்ளை. கண்ணின் கோளாறு என்று நினைத்தேன். இன்னும் திறந்தேன். மதியம் சுத்த வெள்ளை, குடிக்கலாம் போலிருந்தது. இன்னும் திறந்தேன். தொட்டிப் பக்கம் போனபோதெல்லாம் கண் எரிந்தது. நேற்று சரியாகத் தூங்கவில்லை.

மாலை ஷிப்டுக்காரரிடம், “எவ்வளவு குடுத்தாலும் குடிக்குது, குறைக்காதீங்க” என்று சொல்லிவிட்டு வந்தேன்.

மார்ச் 25, செவ்வாய்

வார விடுமுறைதான், ஆனாலும் மனசு கேட்காமல் போனேன். போனதே நல்லது. நடந்ததை வரிசையாக எழுத முயற்சி பண்ணுகிறேன்.

குளோரின் சிலிண்டர் எடை மேடையில்தான் நிற்கும். தினமும் காலையில் எடை எழுதுவோம். ஒரு நாளைக்கு ஐம்பது கிலோ குறையும். இன்று நூற்று முப்பது குறைந்திருந்தது. மூன்று தடவை பார்த்தேன். நூற்று முப்பதுதான்.

தண்ணீரில் குளோரினே இல்லை என்று நேற்று முழுக்க வெள்ளைக் குழாய் சொன்னது. அப்படியானால் நூற்று முப்பது கிலோ எங்கே போனது? அறைக்குள்தான் கசிந்திருக்க வேண்டும். அங்கேதானே நேற்று முழுக்க உட்கார்ந்திருந்தேன்? வெளியே ஓடி வந்து கதவை இழுத்துச் சாத்தினேன்.

சரியாக அந்த நேரம் பார்த்து புதுச் சிலிண்டர் லாரி வந்து நிற்கிறது. லோடுமேன் இரண்டு பேர், சங்கிலியோடு ஸ்பேனர். மூன்று பேரும் சிரித்துப் பேசிக்கொண்டே கதவை நோக்கி வருகிறார்கள். நான் குறுக்கே கையை விரித்து நின்றுவிட்டேன். உள்ளே யாரும் போகக் கூடாது என்றேன். மேனேஜர் சத்தம் கேட்டு வந்தார். எடையைச் சொன்னேன்.

அவர் கொஞ்சமும் பதறவில்லை. “எதுக்கு டென்ஷன்? உங்க மூக்கு என்ன சொல்லுது?”

நாலு பேரும் என் மூக்கைப் பார்த்தார்கள். என் கண்ணை இல்லை, மூக்கை. “ஒண்ணும் இல்ல சார்” என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், அந்த மூன்று பேரும் உள்ளே போய்விடுவார்கள். அந்த லோடுமேன்களில் ஒருவர் போன வாரம்தான் மகளுக்குப் பள்ளிக்கூடம் தேடுவதாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

“எனக்குத் தெரியாது சார். எனக்கு வாசனையே தெரியாது. நாலு மாசமாச்சு.”

மேனேஜர் அறிவிப்புப் பலகை இருக்கும் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

“அப்ப தினமும் காலையில ‘சரி’ன்னு சொன்னது?”

“ஸ்பேனர் மூஞ்சியப் பார்த்துச் சொன்னேன்.”

எல்லாரும் ஸ்பேனர் பக்கம் திரும்பினோம். அவன் கையில் இருந்த சங்கிலியை மெதுவாகத் தரையில் வைத்தான்.

“அண்ணே... நான் உங்க மூஞ்சியத்தான் பார்த்துட்டிருந்தேன். எனக்கு ரெண்டு வருஷமா ஒண்ணும் தெரியாது.”

ஜனவரியிலிருந்து நாங்கள் இரண்டு பேரும் தினமும் காலையில் அந்த வாசலில் நின்று ஒருவர் முகத்தை ஒருவர் முகர்ந்துகொண்டிருந்திருக்கிறோம். அதை நம்பி இருபது பேர் வேலை செய்திருக்கிறார்கள்.

அப்போதுதான் லேப் மேடம் லீவு முடிந்து வந்தார். சைக்கிளைத் தொட்டிப் பக்கத்தில் நிறுத்திவிட்டு, மூக்கைத் துப்பட்டாவால் பொத்திக்கொண்டு வந்தார். எங்களைப் பார்த்து, “என்ன எல்லாரும் இங்க நிக்கிறீங்க? தொட்டிப் பக்கம் நிக்க முடியல, அப்படி குளோரின் நாத்தம். யாருமே கவனிக்கலையா?” என்றார். எடைக் கணக்கைச் சொன்னேன். கதவருகில் வந்து முகர்ந்தார். “இங்க ஒண்ணும் இல்லையே. நூத்தி முப்பது கிலோ இந்த அறையில கசிஞ்சிருந்தா நீங்க இப்படி நின்னு பேசிட்டிருக்க மாட்டீங்க சார்.”

“ஆனா தண்ணியில கலரே வரலையே மேடம்.”

அவர் என்னை லேபுக்குக் கூட்டிப்போனார். தொட்டித் தண்ணீரில் மாத்திரை போட்டார், வெள்ளை. பிறகு அதே தண்ணீரில் ஒரு பங்கு எடுத்து, ஒன்பது பங்கு நல்ல தண்ணீர் கலந்து, மாத்திரை போட்டார். குழாய் கருஞ்சிவப்பாகப் பற்றிக்கொண்டது.

குளோரின் அளவாக இருந்தால் சிவப்பு வரும். எக்கச்சக்கமாக இருந்தால் அந்தச் சிவப்பையே அது வெளுத்துவிடும். குறைவு என்றாலும் வெள்ளை, கூடினாலும் வெள்ளை. பந்து அழுக்கேறி ஒட்டிக்கொண்டிருந்தது. நூற்று முப்பது கிலோவும் ஒழுங்காகத் தண்ணீருக்குத்தான் போயிருக்கிறது. மூக்குள்ள எவனும் தொட்டி அருகே ஒரு நொடி நின்றாலே கண்டுபிடித்திருப்பான். கண் எரிந்தபோதுகூட எனக்கு உறைக்கவில்லை, தூக்கமில்லையாம்.

வால்வைக் குறைத்தோம். கால்வாய்க்குப் போகும் கதவை அடைத்து, தண்ணீரைத் திருப்பித் தேக்கத் தொட்டிக்கு விட்டோம். வாட்ச்மேன் நேற்று ரகசியமாகக் கால்வாயில் தன் காக்கிச் சட்டையை அலசியிருக்கிறார். இன்று அது திட்டுத் திட்டாக வெள்ளை. கேட்டால், “சட்டை பழசு சார்” என்கிறார்.

அதுவரைக்கும் சிரிப்பு வந்துகொண்டுதான் இருந்தது. கால்வாய் ஓரமாக நடந்து பார்த்தேன். விரல் நீள மீன்கள், பத்துப் பதினைந்து இருக்கும், மல்லாந்து கிடந்தன. அதற்கப்புறம் வரவில்லை.

மார்ச் 26, புதன்

மனைவியிடம் சொன்னேன். முழுக்கச் சொன்னேன், செருப்பை முகர்ந்தது உட்பட. அவள் துணி மடிப்பதை நிறுத்தவே இல்லை.

“எனக்கு ஜனவரியிலயே தெரியும்.”

“எப்படி?”

“உங்க சட்டைப்பையில அந்துருண்டை போட்டு ஒரு வாரம் வேலைக்கு அனுப்பினேன். ஒரு நாள்கூட என்னன்னு கேக்கல.”

அதை நான் சாக்பீஸ் துண்டு என்று நினைத்துத் தூக்கிப் போட்டிருந்தேன்.

“தெரிஞ்சா ஏன் கேக்கல?”

“நீங்களா சொல்லுவீங்கன்னு பார்த்தேன். மூணு மாசமா பார்த்துட்டே இருக்கேன்.”

அதோடு நிறுத்திக்கொண்டாள். திட்டியிருந்தால் நானும் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பேன். போர்வையின் இன்னொரு முனையைப் பிடித்து மடிக்க உதவினேன்.

மார்ச் 28, வெள்ளி

லேப் மேடம் மறு பரிசோதனை வைத்தார். நிலையத்தில் எல்லாருக்கும், கண்ணைத் துணியால் கட்டி. பத்துப் புட்டி.

நானும் ஸ்பேனரும் எதிர்பார்த்தபடியே பூஜ்யம். எதிர்பாராதது மேனேஜர். காபியை “எலுமிச்சை” என்றார், எலுமிச்சையை “மேடம், இதுல ஒண்ணுமே இல்ல” என்றார். பிறகு, நிர்வாகத்துக்கு மூக்கு அவசியமில்லை என்று அரை மணி நேரம் விளக்கினார். சொன்னபோது மூக்கின் நுனி சிவந்திருந்தது.

பத்துக்குப் பத்து வாங்கியது ஒரே ஒருவர். கசடு அழுத்தும் ஷெட்டில் வேலை செய்யும் அம்மா. தண்ணீரிலிருந்து பிரிகிற சேற்றை மெஷினில் பிழிகிற இடம் அது. மற்றவர்கள் அந்தப் பக்கம் போனால் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஓடுவார்கள். அவர் அங்கே ஒன்பது வருடம். அவ்வளவு நாற்றத்தில் மூக்கு செத்துப்போயிருக்கும் என்றுதான் எல்லாரும் நினைத்திருந்தோம்.

பத்தாவது புட்டியில் மேடம் வெறும் தண்ணீர் வைத்திருந்தார். ஷெட் அம்மா முகர்ந்துவிட்டு, “இது தண்ணி மேடம். ஆனா புட்டிய ஒழுங்கா கழுவல, முன்னாடி சோப்பு இருந்திருக்கு” என்றார்.

மேடம் அந்தப் புட்டியைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

ஏப்ரல் 2, புதன்

உத்தரவு வந்துவிட்டது. திங்கள்கிழமை முதல் ஷெட் அம்மா குளோரின் அறைக்கு. நான் ஷெட்டுக்கு. எச்சரிக்கைக் கருவிக்குப் புது வயர், அதைப் பிடுங்குபவர் மீது நடவடிக்கை. அந்த வரிக்குக் கீழே சிவப்பு மையில் கோடு.

நியாயம்தான். நானாக இருந்தாலும் இதைத்தான் செய்திருப்பேன். ஆனாலும் வலிக்கிறது. இருபத்தாறு வருடம் நான் அந்த அறைக்கு வேண்டியவனாக இருந்தேன். இப்போது நான் அங்கே இருப்பதே ஆபத்து என்று காகிதத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள்.

ஏப்ரல் 4, வெள்ளி

ஷெட்டைப் பார்த்துவிட்டு வரப் போனேன். விசாலமாக இருக்கிறது. ஜன்னல் பெரிது, நல்ல காற்று, அந்தக் காற்றில் என்ன வருகிறது என்பது என் பிரச்சனை இல்லை. மதியச் சாப்பாட்டை அங்கேயே பிரித்தேன். ஸ்பேனரும் வந்து உட்கார்ந்தான். மேனேஜர் எங்களைத் தேடி வாசல் வரைக்கும் வந்தார். உள்ளே வந்து, எங்களோடு உட்கார்ந்து, முழு வாழைப்பழம் ஒன்று சாப்பிட்டார். மூன்று பேரும் அதைப் பற்றி ஒன்றும் பேசிக்கொள்ளவில்லை.

ஏப்ரல் 7, திங்கள்

சாவியைக் கொடுத்தேன். ஷெட் அம்மா புதுக் கையுறை போட்டுக்கொண்டு வந்திருந்தார். எனக்கு முன்னால் போகத் தயங்கினார். “நீங்க முதல்ல போங்க சார், உங்க இடம்” என்றார். நான் உள்ளே போய் ஒவ்வொன்றாகக் காட்டினேன். இது எடை மேடை, இது வால்வு, பந்தை வாரம் ஒருமுறை கழற்றிக் கழுவணும். என் குரலில் கொஞ்சம் வாத்தியார்த்தனம் இருந்தது, எனக்கே தெரிந்தது.

அவர் பாதியில் கையைத் தூக்கி நிறுத்தினார்.

“சார், இங்க வருது.”

“எது?”

“குளோரின். லேசா. ரொம்ப லேசா.”

சுவரில் இருக்கும் கருவியைப் பார்த்தேன். புது வயரோடு பச்சை விளக்கு, சத்தமில்லை. இருக்காது அம்மா என்று சொல்ல வாயெடுத்தேன். எந்த மூக்கை வைத்துச் சொல்வது? அவர் மூன்று எட்டு வைத்து சுவரோரக் குழாயின் பித்தளை மூட்டு அருகே போய் நின்றார். லேப் மேடம் போன வாரம்தான் வாங்கி வைத்த அம்மோனியாப் புட்டியை எடுத்து வந்து அந்த மூட்டருகே பிதுக்கினேன். குளோரின் இருந்தால் அம்மோனியா வெள்ளைப் புகையாகத் தெரியும். தெரிந்தது. நூல் மாதிரி ஒரு வெள்ளைப் புகை, மூட்டிலிருந்து எழும்பி, மின்விசிறிப் பக்கமாகப் போயிற்று.

அந்த மூட்டில் பச்சையாகப் பூத்திருந்தது எனக்குத் தெரியும். குளிர்காலத்திலிருந்து பூக்கிறது; அது கசிவின் அடையாளம் என்று இப்போதுதான் உறைக்கிறது. மாதம் ஒருமுறை துணியால் துடைத்துப் பளபளப்பாக்கி வைத்ததே நான்தான்.

நட்டை இறுக்கினோம். மறுபடி அம்மோனியா பிதுக்கிப் பார்த்தோம், புகை இல்லை. ஷெட் அம்மா – இனி அப்படிக் கூப்பிடக் கூடாது – முகர்ந்து பார்த்துத் தலையாட்டினார். பிறகு மூட்டுக்கு நேர் கீழே கிடந்த நாற்காலியைக் காட்டினார்.

“நீங்க இங்கதான் உக்காருவீங்களா சார்?”

“ஆமா.”

“எவ்வளவு நேரம்?”

“முழு நாளும்” என்றேன்.

நவம்பர் சளியின் மேல் நான் போட்ட பழி ஞாபகத்துக்கு வந்தது. நாற்காலியை நானே தூக்கிக்கொண்டு வெளியே வந்தேன்.